சாற்றைக் கொட்டாதே, தம்பி



சென்ற இதழில் நீ எழுதிய 'வீட்டிலேயே சோயா கோழி' படித்தேன். உன் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது, கூப்பிட்டே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குறிப்பைக் கத்தரித்து எடுத்து அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருப்பவர்களின் எண் என்னிடம் இல்லையே. அதனால்தான் இதை நீ எழுதும் இதழுக்கே அனுப்புகிறேன்.

கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "கோழியை வெளியே எடுத்த பிறகு, சாற்றில் நான்கு கரண்டியை மட்டும் தனியே வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடலாம்."

இரண்டரை லிட்டருக்கு மேல் சாறு, தம்பி. அரை லிட்டர் லைட் சோயா, கால் கிலோ கற்கண்டு, ஷாவ்ஷிங் மது, இவற்றோடு ஒரு முழுக் கோழி தன் கொழுப்பையும் எலும்பின் சாரத்தையும் இறக்கிவிட்டுப் போன சாறு. அதைக் கழுவுதொட்டியில் ஊற்றச் சொல்லி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

கத்தி பிடிப்பதும் கோழியின் வயிற்றுக்குள் ரத்தக் கட்டியைத் தேடி எடுப்பதும் உனக்குத் தெரியும். சமையல் படித்தவன், ஓட்டல் அடுப்பில் நின்றவன். அதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது இரண்டே விஷயம். ஒன்று அந்தச் சாறு. இன்னொன்று நீ வைத்த தீ.

சாற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கான்டனீஸ் மக்களின் சோயா கோழி, கடையில் பிறந்த உணவு. குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் கண்ணாடிக்குப் பின்னால் வாத்தையும் சார் சியூ பன்றிக்கறியையும் கொக்கியில் தொங்கவிட்டிருக்கும் கடைகளைப் பார்த்திருப்பாய். அவற்றுக்குப் பக்கத்தில் பழுப்பாகப் பளபளத்துக்கொண்டு தொங்குவதுதான் இது. கடையின் உட்புறம் ஓர் ஆழமான பாத்திரம் இருக்கும். அதில் இருப்பதை லோ சோய் என்பார்கள். சோயா, கற்கண்டு, மது, மசாலா எல்லாம் சேர்ந்த சாறு. காலையில் கோழிகள் அதில் இறங்கும், வெந்ததும் வெளியே வரும், சாறு அங்கேயே இருக்கும். இரவில் வடிகட்டி, கொழுப்பு நீக்கி, கொதிக்க வைத்து மூடுவார்கள். மறுநாள் குறைந்த அளவுக்குச் சோயாவும் கற்கண்டும் ஊற்றி, மசாலா மாற்றி, மறுபடியும் கோழி. சில கடைகளில் இது பல வருடம் நடக்கும். 

முதல் நாள் சாறு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். உப்பு முன்னால் நிற்கும், இனிப்பு பின்னால் நிற்கும், அன்னாசிப்பூ தனியாக மூக்கில் ஏறும். ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது. ஒரு கோழி வெந்து போனதும் தோலிலும் எலும்பிலும் இருந்த கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக இறங்குகிறது. சாற்றுக்கு ஒரு கனம் வருகிறது. மசாலாவின் மணம் பெரும்பாலும் கொழுப்பில்தான் கரையும், அந்தக் கொழுப்பும் கோழியிலிருந்தே வருகிறது. இரண்டாவது கோழி, மூன்றாவது கோழி என்று போகப் போகத்தான் உப்பும் இனிப்பும் மணமும் ஒன்றாகின்றன. அப்படியென்றால் உன் வாசகர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார். அந்தச் சாற்றில் வெந்திருக்கக்கூடிய கோழிகளில் ஆகச் சுமாரானதைச் சாப்பிட்டுவிட்டு, நல்ல கோழிகளையெல்லாம் கொட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் மீன் குழம்பின் ருசி தெரிந்த வீட்டில் வளர்ந்தவன் நீ. அதைப் பற்றி அழகாக ஒரு பத்தியே எழுதியிருக்கிறாய். அந்த அறிவு இங்கே எங்கே போயிற்று?

சாற்றை எப்படி வைத்துக்கொள்வது என்று உன் குறிப்பில் இல்லை, ஆகவே நான் எழுதுகிறேன். கோழியை எடுத்ததும் சூடாக இருக்கும்போதே வடிகட்டு. இஞ்சி, வெங்காயத்தாள், பட்டை எல்லாம் வெளியே போகட்டும். மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளி ஒரு கிண்ணத்தில் வை. அதைக் கொட்டச் சொல்லவில்லை, மறுநாள் நூடுல்ஸில் ஒரு கரண்டி போட்டுக் கிளறிப் பார். பிறகு சாற்றைத் தளதளவென்று சில நிமிடம் கொதிக்கவிடு. பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய தொட்டியில் வைத்துச் சீக்கிரம் ஆற்று. நம் ஊர் வெக்கையில் அடுப்பின் மேலேயே மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகக் கூடாது. இது விளையாட்டில்லை, உடம்பைக் கெடுத்துவிடும். ஆறியதும் குளிர்பெட்டிக்குப் போகட்டும். மூன்று நான்கு நாளுக்குள் மறுபடியும் சமைக்கப் போவதில்லை என்றால் டப்பாவில் ஊற்றி உறைய வைத்துவிடு. அடுத்த தடவை எடுக்கும்போது, கோழி போடுவதற்கு முன்னால், மறுபடியும் ஒரு முழுக் கொதி. கொஞ்சம் லைட் சோயா, ஒரு கட்டிக் கற்கண்டு, புது இஞ்சி. ருசி பார்த்துக்கொண்டே சேர்க்க வேண்டும். உப்பு ஏறியிருந்தால் தண்ணீர் ஊற்று, அவ்வளவுதான். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறாயே, அதைக் குழம்போடு விட்டுவிடு. இந்தச் சாற்றில் மாவுச்சத்து இறங்கினால் கலங்கிவிடும், சீக்கிரம் கெட்டும் போகும்.

முட்டையும் டோஃபுவும் இந்தச் சாற்றில் அருமையாக வேகும். ஆனால் பெரிய பாத்திரத்தில் போடாதே. இரண்டு கரண்டிச் சாற்றைத் தனிச் சட்டியில் எடுத்து அதில் போடு. டோஃபு பட்ட சாறு புளித்துவிடும். ஆட்டுக்கறி, ஈரல் பக்கமே போகாதே, அந்த வாடை பிறகு கோழியை விட்டுப் போகாது.

சாற்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான் உன் 'ஐந்து மசாலாத் தூள் ஒரு மேசைக்கரண்டி' எனக்கு வலிக்கிறது. தூளை வடிகட்ட முடியாது. அடியில் சேறு மாதிரி தங்கி, அடுத்த கொதியில் கசக்கும். முழு மசாலா வாங்குவது ஒன்றும் கடினமில்லை. அன்னாசிப்பூவும் பட்டையும் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே கிடக்கின்றன. அதிமதுரம் நம் பாட்டிமார் இருமலுக்குக் கொடுத்தது. சீனர்கள் இந்தப் பாத்திரத்தில் போடும் மணல் இஞ்சி வேறு எதுவுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடைக்காரர் கச்சோலம் என்று எடுத்துக் கொடுப்பதுதான். மலாய்க்காரர்கள் அதை செக்கூர் என்று சமையலில் போடுகிறார்கள். சீன மருந்துக் கடைக்குப் போனால் இவை எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும், கூடவே காய்ந்த ஆரஞ்சுத் தோலும். குவாங்டோங்கின் ஷின்ஹுயி பக்கத்துத் தோலுக்குத்தான் மதிப்பு, அது பழசாகப் பழசாக விலை ஏறும். வீட்டுக்கு அவ்வளவு விலையில் வேண்டாம், சாதாரணத் தோல் ஒரு துண்டு போதும். இவற்றைச் சிறு துணியில் முடிந்து போடு. எடுப்பதும் சுலபம், சாறும் தெளிவாக இருக்கும்.

இப்போது தீ.

"மூடி போட்டு அதிகத் தீயில் இருபத்தைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடவும்" என்கிறாய். உன் கட்டுரைக்குப் பக்கத்தில் போட்டிருந்த படத்திலேயே விளைவு தெரிகிறது. தொடை முனையில் தோல் கிழிந்து மேலே ஏறியிருக்கிறது, நெஞ்செலும்பின் மேல் ஒரு வெடிப்பு. படம் எடுத்தவர் வெங்காயத்தாளைத் தூவி மறைத்திருக்கிறார்.

கோழித் தோல் வேகமான சூட்டில் சுருங்கும். சுருங்குவதற்குக் கூட இடமில்லாத தொடையிலும் நெஞ்சிலும் அது பிளந்துவிடுகிறது. பிளந்த இடம் வழியாக உப்புச் சாறு நேரே கறிக்குள் போகிறது. நெஞ்சுக்கறி 65 டிகிரி தாண்டினாலே தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ள ஆரம்பிக்கும். கொதிக்கும் சாற்றில் இருபத்தைந்து நிமிடம் கிடந்தால் அது மரத்தூள்தான். அது மட்டுமா? கொந்தளிக்கும் சாற்றில் கொழுப்பு உடைந்து சாற்றோடு கலந்துவிடுகிறது, சாறு கலங்கிப் பளபளப்புப் போய்விடுகிறது. சோயாவின் மணம் ஆவியோடு போய்விடுகிறது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறுகிறது. பிறகுதான் நீ உருளைக்கிழங்கைத் தேடுகிறாய்.

செய்ய வேண்டியது இதுதான். ஒன்றரைக் கிலோ கோழி, சமைப்பதற்கு முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது. சாற்றைக் கொதிக்க வை. கழுத்தைப் பிடித்துக் கோழியை உள்ளே இறக்கு, வயிற்றுக்குள் சாறு நிரம்பட்டும், தூக்கி அந்தச் சாற்றை வடியவிடு. மறுபடியும் இறக்கு, மறுபடியும் தூக்கு. வயிற்றுக்குள் தங்கும் சாறு கோழியின் குளிரில் ஆறிப்போய்விடும், அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே பச்சையாக நிற்கும். பிறகு நெஞ்சு கீழே இருக்கும்படி வைத்து, சாறு மறுபடியும் கொதிக்கு வந்ததும் தீயை ஆகக் குறைவாக வை. மேற்பரப்பு சிலிர்க்க வேண்டும், ஓரத்தில் எப்போதாவது ஒரு குமிழி எழ வேண்டும், அதற்கு மேல் அசைவு கூடாது. வெப்பமானி வைத்திருக்கிறாய் என்றால் 85இலிருந்து 90 டிகிரி. அரை மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பு. அடுப்பை அணைத்து, மூடி போட்டு, இன்னும் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் சாற்றிலேயே விடு. தொடையின் தடித்த இடத்தில், எலும்பை ஒட்டி, 74 டிகிரி வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் வரும்வரை சாற்றிலேயே இருக்கட்டும்.

பளபளப்புக்குச் சோளமாவு கரைத்து ஊற்றச் சொல்லியிருக்கிறாய். தேவையே இல்லை. இரண்டு கரண்டிச் சாற்றைச் சிறு சட்டியில் எடுத்து ஒரு துண்டு கற்கண்டோடு சுண்டவைத்துத் தோலின் மேல் தடவிப் பார். கற்கண்டும் ஜெலட்டினும் சேர்ந்து தரும் மினுக்கு சோளமாவில் ஒருநாளும் வராது.

இந்தத் தீயை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை. சிங்கப்பூர் குயின்ஸ்டவுனில் நாங்கள் குடியிருந்த மாடியில் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, எண்ணெய் தடவி இழுத்து முடிந்த கொண்டை. ஷுன்டேயிலிருந்து வந்தவர். அந்தப் பக்கம் பட்டு நூல் உற்பத்திக்குப் பேர் போனது. 1930களில் பட்டுத் தொழில் சரிந்தபோது அங்கிருந்து நிறையப் பெண்கள் தெற்கே கப்பலேறி வந்தார்கள். கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று சபதம் எடுத்துத் தலைமுடியை மேலே சீவி முடிந்துகொண்டவர்கள். இங்கே பெரிய வீடுகளில் சமைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள், சம்பளத்தை ஊருக்கு அனுப்பினார்கள். அமா என்று நாம் கூப்பிட்டது இவர்களைத்தான். ஷுன்டே சமையலுக்கும் பேர் போன ஊர். 2014இல் யுனெஸ்கோ அதை உணவுக் கலை நகரங்களின் வரிசையில் சேர்த்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் நினைவுதான் வந்தது. அவரைக் கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார்.

பாட்டிக்கும் என் அம்மாவுக்கும் பொது மொழி பாசார் மலாய். அம்மாவின் மலாய் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவிடம் கேட்டுக் கேட்டு வந்தது, பாட்டியுடையது சந்தையில் வந்தது. இருவருக்கும் சேர்த்து நூறு சொல் இருந்தால் அதிகம். அதிலேயே ஊர்க்கதை, உடல்நிலை, கோழி விலை எல்லாம் பேசுவார்கள். அம்மா எங்கள் வீட்டு அடுப்பில் அவர் சொன்னபடி கோழியைப் போட்டுவிட்டு வழக்கம்போல் தீயை ஏற்றினால், பாட்டி வாசலிலிருந்தே "ஆப்பி கெச்சில், ஆப்பி கெச்சில்" என்பார். சின்னத் தீ. பாத்திரத்தைப் பார்க்கக்கூட மாட்டார். மூடி கடகடக்கும் சத்தம் அவர் காதுக்கு வந்துவிடும். குட்டை நாற்காலியை இழுத்துப் போட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். அந்த அரை மணி நேரமும் எழுந்திருக்க மாட்டார். நாங்கள் பிள்ளைகள் பசியில் சுற்றிச் சுற்றி வருவோம். அவருக்கு எங்கள் பசி ஒரு பொருட்டே இல்லை, கோழியின் தோல்தான் முக்கியம்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு அவர் வீட்டுக்குப் போகும். சீனப் புத்தாண்டுக்குப் பாதிக் கோழியும், ஜாம் பாட்டிலில் சாறும் எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முட்டை வேக வைப்பார். எனக்கு இன்றுவரை பிடித்த உணவு எது என்று யாராவது கேட்டால் அந்த முட்டையையும் சுடுசோற்றையும்தான் சொல்வேன். அந்தப் பாட்டில் சாற்றுக்காக இரண்டு வீடுகளுக்கும் இடையில் இருந்த மரியாதையை நான் பார்த்தவள். அதனால்தான் உன் வரி என்னை அவ்வளவு தைத்தது.

சரி, சோயாவுக்கு வருகிறேன். "எந்தச் சோயா சாஸாக இருந்தாலும் பரவாயில்லை, டார்க் சோயா இல்லையென்றால் கிச்சாப் மானிஸ் ஊற்றலாம்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். இதைப் பற்றி நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு கோழிக்கு ஊற்றிக் கொட்டிவிடுகிற சாறு என்றால் எந்தச் சோயாவும் சரிதான். வைத்து வைத்துச் சமைக்கப் போகிற சாற்றுக்கு அடித்தளமே சோயாதான்.

சோயா பீன்ஸை வேக வைத்து, கோதுமை மாவில் புரட்டி, ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையைச் சில நாள் வளரவிட்டு, உப்புத் தண்ணீரில் போட்டு, தொட்டியிலோ ஜாடியிலோ மாதக் கணக்கில் ஊற வைக்கிறார்கள். கான்டனீஸ் முறையில் ஜாடிகள் வெயிலில் நிற்கும். பூஞ்சையின் நொதிகள் புரதத்தை உடைத்து அமினோ அமிலமாக்குகின்றன, அதில் குளூட்டமிக் அமிலம்தான் நாக்கில் நிற்கும் அந்தச் சுவை. மணத்தை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்கின்றன. இதற்குக் காலம் வேண்டும், வேறு வழியில்லை. நம் சிங்கப்பூரிலேயே 1943இல் தொடங்கிய குவாங் வோ ஹிங் இன்னமும் இப்படி வெயிலை நம்பித்தான் சோயா செய்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. எண்ணெய் எடுத்த சோயாச் சக்கையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் சில நாளிலேயே புரதம் உடைந்துவிடும். அமிலத்தைச் சமன் செய்து, கேரமல் நிறம் சேர்த்து, பாட்டிலில் அடைக்கலாம். உப்பும் நிறமும் இருக்கும், மணம் இருக்காது. அந்த முறையில் 3-எம்சிபிடி என்ற வேண்டாத பொருளும் உண்டாகக்கூடும். சோயா சாஸில் அது கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே பாட்டிலைத் திருப்பிப் பார். சோயா பீன்ஸ், கோதுமை, உப்பு, தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை என்று இருந்தால் வாங்கு. நீரால் பகுத்த தாவரப் புரதம் என்று முதலிலேயே நின்றால் திரும்ப வைத்துவிடு.

நான் சமையற்கூடம் நடத்திய காலத்தில் ஒரு மொத்த வியாபாரி நல்ல சோயாவின் விலைக்கு மட்டமான சோயாவை இறக்கிக்கொண்டிருந்தார். தகர டின்னைத் திறந்ததும் மூக்கில் வெறும் உப்பு வாடை அடிக்கும். திருப்பி அனுப்பினால் 'எல்லாம் கறுப்புத் தண்ணீர்தானே' என்பார். கோழியை முகர்ந்து பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். நீயும் அதே வார்த்தையைத்தான் கொஞ்சம் நாகரிகமாக எழுதியிருக்கிறாய்.

லைட் சோயா உப்புக்கும் சுவைக்கும், டார்க் சோயா நிறத்துக்கு. கிச்சாப் மானிஸ் முழுக்க இனிப்பு. அதை ஊற்றிவிட்டு மேலே கற்கண்டையும் போட்டால் பாகு காய்ச்சியதுபோல் ஆகிவிடும். மலேசியாவில் நம்மவர்கள் கடுகு தாளித்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுச் செய்யும் கிச்சாப் கோழி இருக்கிறதே, அதற்கு வேண்டுமானால் கிச்சாப் மானிஸ் ஊற்று. அது எனக்கும் பிடிக்கும். அதற்கு நீ தனிக் கட்டுரை எழுத வேண்டும், இதோடு கலக்காதே. மது சேர்க்காதவர்கள் இந்தச் சோயா கோழியை மது இல்லாமலே செய்யலாம், இஞ்சியையும் ஆரஞ்சுத் தோலையும் கூட்டிக்கொண்டால் போதும்.

உன் கட்டுரையின் தொடக்கத்தில் சைனாடவுன் சோயா கோழிக் கடை பற்றி எழுதியிருப்பதில் ஒரு பிழை இருக்கிறது. சான் ஹொன் மெங்கின் கடைக்கு மிஷெலின் நட்சத்திரம் இன்றும் இருப்பதுபோல் எழுதியிருக்கிறாய். 2016இல், சிங்கப்பூருக்கு அந்தக் கையேடு முதன்முதலாக வந்த ஆண்டில், கிடைத்தது. 2021இல் போய்விட்டது. திருத்திக்கொள். ஆனால் நட்சத்திரத்தைவிட நீ எழுதியிருக்க வேண்டியது வேறு. அவர் ஈப்போவில் பிறந்தவர். இங்கே வந்து, ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு சமையற்காரரிடம் இந்தக் கோழியைக் கற்றுக்கொண்டவர். 2009இல் சைனாடவுன் உணவங்காடியில் கடை போட்டார். நட்சத்திரம் கிடைத்தபோது அங்கே ஒரு தட்டுக் கோழிச் சோறு இரண்டு வெள்ளி. நட்சத்திரம் வந்த செய்திக்குப் பிறகு நீண்ட வரிசையைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். அந்த விலையில் அந்தத் தோலைக் கிழியாமல் எடுக்க ஒரு மனிதர் எத்தனை வருடம் பாத்திரத்துக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும் என்று எழுதத் தெரிந்தவன் நீ. அடுத்த தடவை அதை எழுது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், உன் கட்டுரையின் நடுவில் இஞ்சி பற்றி ஒரு பத்தி இருக்கிறது. இஞ்சியின் தோலைச் சீவாமல், கத்தியின் அகலப் பக்கத்தால் ஒரே அடி, நார் பிரிந்து சாறு பலகையில் கசிவது, பிறகு எண்ணெயில் போட்டதும் ஓரம் முதலில் பொன்னாவது. தமிழில் சமையல் எழுதுகிறவர்களில் இவ்வளவு கூர்மையாகப் பார்த்து எழுதியவர்கள் மிகக் குறைவு. நான் எவ்வளவோ சமையல் எழுதியிருக்கிறேன், அப்படி ஒரு பத்தி என்னிடம் இல்லை. கோழியைத் துண்டு போடுவதற்கு முன், சூடான சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டிச் சாறு ஊற்றிச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குப் பசித்தது. அவ்வளவு ருசியறிந்த நாக்கு உனக்கு இருக்கிறது. அந்த ஒரு கரண்டியின் அருமை தெரிந்தவன் மீதி இரண்டரை லிட்டரைக் கொட்டச் சொன்னதுதான் எனக்குப் புரியவே இல்லை.

முழுக் கோழிக்குப் பாத்திரம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி எழுதிவிடு. நான்கு கோழிக்கால், தோலோடு, சுமார் ஒரு கிலோ. லைட் சோயா 120 மில்லி, டார்க் சோயா 40 மில்லி, ஷாவ்ஷிங் 60 மில்லி, கற்கண்டு 80 கிராம், தண்ணீர் அரை லிட்டர், இஞ்சி, வெங்காயத்தாள், இரண்டு அன்னாசிப்பூ, ஒரு துண்டு பட்டை. வாணலியில் இஞ்சியை வதக்கி எல்லாவற்றையும் ஊற்றி, கற்கண்டு கரைந்ததும் கோழிக்காலை வைத்து, சின்னத் தீயில், அடிக்கடி திருப்பி, கரண்டியால் சாற்றை மேலே ஊற்றி ஊற்றி முப்பத்தைந்து நிமிடம். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற எவரும் செய்துவிடலாம். சந்தைக்காரரிடம் தோலை உரிக்கச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விடச் சொல். தோல் இல்லாத சோயா கோழியில் சோயாதான் மிஞ்சும்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த இதழில் உன் பத்திக்குக் கீழே, படிக்கிறவர்கள் கண்ணில் படும் எழுத்தில், ஒரு திருத்தம் போடு. அதிகத் தீ என்பதைச் சின்னத் தீ என்று மாற்று. தூளுக்குப் பதில் முழு மசாலா என்று மாற்று. சாற்றைக் கொட்ட வேண்டாம், வடிகட்டிக் கொதிக்க வைத்து உறைய வையுங்கள் என்று எழுது. சீனப் புத்தாண்டுக்கு விருந்தினர் வரும் வீடுகளில் உன் குறிப்பைப் பார்த்துத்தான் சமைக்கப் போகிறார்கள், அதற்கு முன் இந்தத் திருத்தம் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
அக்கா